ஏழு வான், எண்பத்து மூன்று பிள்ளைகள்

பள்ளிக்கூட உப அதிபர் அந்தக் கடிதத்தைக் கையில் தந்தபோது, நான் அதைப் பாதிகூட வாசிக்காமல் சண்டைக்குப் போய்விட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். பதினொரு வருடமாகக் கொழும்பில் ஸ்கூல் வான் ஓட்டுகிற பெண்ணுக்கு அது இல்லாமல் சரிவராது. சத்தம் போட்டு முடித்த பிறகு மிச்சத்தை வாசித்தேன். 

வரும் மாதம் ஒரு வாரம் சோதனை வாரமாம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழே காலுக்குள் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குகிற வான்களுக்கு மட்டும்தான் அடுத்த தவணைக்கு வாசலில் பிள்ளை இறக்கக் கேற் பாஸ். ஒரு நாள் ஒரு நிமிடம் பிந்தினாலும் அந்த வானுக்குப் பாஸ் இல்லை. அதன் பிள்ளைகளை மற்ற வான்காரர் எடுத்துக்கொள்ளலாம். எந்த வானிலிருந்து பிள்ளை இறங்குகிறதோ அந்த வானின் இலக்கத்தைத்தான் வாசல் காவலாளி நேரத்தோடு எழுதுவார்.

எங்கள் பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையின் அந்தக் கோடியில், புளூமெண்டால் பக்கம் இருக்கிறது. நாங்கள் ஏழு வான்காரர். ஏழு பேரும் கிழமையில் இரண்டு நாளாவது பிந்துவோம். ஏன் என்று கேட்டால் ஏழு பேரும் வீதியைத் திட்டுவோம். உண்மை எங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில், ஒரே சந்துக்குள், நான்கு பிள்ளைகள் இருந்தால், அந்த நாலு பேரையும் ஏற்ற நான்கு வான் போகும். எங்களில் ஒருவரான பீற்றருடைய பிள்ளையை நான் ஏற்றமாட்டேன், என்னுடையதை அவர் ஏற்றமாட்டார். இன்றைக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தால் நாளைக்கு அது மற்றவனுடைய பிள்ளையாகிவிடும் என்ற பயம்.

வெள்ளவத்தையில் நான் ஏற்றுகிற முதல் பிள்ளை தாரிகா. எட்டு வயது. காலை ஐந்து இருபத்தைந்துக்கு அரைத் தூக்கத்தில் ஏறி, கொள்ளுப்பிட்டி வருமுன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடும். அவளுடைய அப்பா சாரங்கன் வீட்டிலிருந்தபடியே கம்பியூட்டர் வேலை செய்கிற பொடியன். கடிதத்தைப் பற்றி அவனிடம் கொட்டித் தீர்த்தபோது, அவன் கண் பளிச்சென்றது.

"அக்கா, இது வீதிப் பிரச்சினை இல்லை. பங்கு பிரிக்கிற பிரச்சினை. எந்தப் பிள்ளை எந்த வானில, எந்த ஒழுங்கில எண்டு கண்டுபிடிச்சாச் சரி."

"அதைத்தான் பதினொரு வருஷமா மண்டையைப் போட்டு உடைக்கிறன். நீ ஒரு நாளில கண்டுபிடிக்கப் போறியா?"

"நான் கண்டுபிடிக்க மாட்டன். அது தானா வளர்ந்து வரும்."

அவன் கேட்டபடி ஏழு வான்காரரிடமும் தாள்களைக் கொடுத்து, ஒரு கிழமை எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் எடுத்தது என்று எழுதவைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்து என் கையாலேயே ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அவனுடைய ஃபிளாட்டில் லப்டொப்புக்கு முன்னால் என்னை இருத்தினான். முதலில் அவன் எழுதிய புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளை வான்களுக்குள் அள்ளிப்போட்டு இருநூறு திட்டங்களைச் செய்தது. எல்லாம் குப்பை. ஒன்றில் தெகிவளைப் பிள்ளையை ஏற்றப் போன வான் இரண்டு தடவை கொம்பனித்தெருவுக்குத் திரும்பியது. ஆனால் குப்பையிலும் நல்ல குப்பை என்று கொஞ்சம் இருக்குமாம். அதைப் பிடித்து வைத்து, மற்றதை எறிந்துவிட்டு, மிஞ்சியதை இரண்டிரண்டாகச் சேர்த்து வைக்குமாம். ஒன்றின் பாதி, மற்றதன் பாதி. அதிலிருந்து புதிய திட்டம் பிறக்கும். இடைக்கிடை, காரணமேயில்லாமல், ஒரு பிள்ளையைத் தூக்கி வேறு வானில் போட்டுப் பார்க்கும். பிறகு திரும்பவும் எறியும், சேர்க்கும்.

"சாதகம் பார்க்காம இருநூறு கல்யாணம் முடிச்சு வைக்குது," என்றேன்.

"ஓம் அக்கா. பிள்ளையள் தாய் தேப்பனைவிடக் கெட்டிக்காரராப் பிறக்கும் வரைக்கும்."

திரையில் ஒரு கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வான் வந்து சேருகிற நேரம் அது. எட்டு மணி, ஏழு ஐம்பது, ஏழரை. எனக்கு நாற்காலியில் இருக்க முடியவில்லை. ஏழு இருபது, ஏழு பத்து, ஏழு மணி! கைதட்டிவிட்டேன். சாரங்கனும் துள்ளினான். பிறகு திட்டத்தைத் திறந்து பார்த்தால் எண்பது பிள்ளைகள்தான் இருந்தார்கள். தெகிவளைக் கோடியில் இருக்கிற மூன்று பேரை வீட்டிலேயே விட்டுவிட்டால் எல்லாரும் நேரத்துக்கு வரலாம் என்று அந்தச் சாமான் கண்டுபிடித்திருந்தது.

"பொல்லாத மூளை," என்று சிரித்தேன். "நம்மட பீற்றருக்குக்கூட இது தோணாது."

சாரங்கன் தலையைச் சொறிந்துகொண்டு, விடுபடுகிற பிள்ளைக்குப் பெரிய தண்டனை என்று எழுதிச் சேர்த்தான். மத்தியானச் சோறு சாப்பிட்டு வருவதற்குள் நாலாயிரம் தலைமுறை ஓடிவிட்டது. இந்தத் தடவை எண்பத்து மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். கடைசி வான் ஏழு ஆறுக்கு வந்தது. தாரிகா ஏறுகிற நேரம் ஐந்து ஐம்பத்தெட்டு.

"அப்பா, அப்ப நான் அரை மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளலாமா?" என்று அந்தக் குஞ்சு கேட்டது.  இத்தனை வருடமும் அந்த அரை மணித்தியாலத்தை நாங்கள் ஏழு பேரும் சேர்ந்தல்லவா திருடியிருக்கிறோம்.

திட்டம் வந்துவிட்டது, வான்காரர் வரவேண்டுமே. திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசல் மரத்தடியில் அதை விரித்துக் காட்டினேன். பீற்றர் எழும்பிவிட்டார். கொச்சிக்கடையில் பிறந்தவர், எங்களில் மூத்தவர், பதினாறு வருடமாக வான் ஓட்டுபவர். அவருடைய கொச்சிக்கடைப் பிள்ளைகள் ஐந்து பேரும் திட்டப்படி வேறு வானுக்குப் போகிறார்கள்.

"என்ட பிள்ளைகளை நான் குடுக்கவா? குடுத்தா திரும்பி வருமா கொன்ஸி? நீ என்ன, என்னைப் பேயன் எண்டு நினைச்சியா?"

மற்றவர்களும் அதையே முணுமுணுத்தார்கள். முதலில் நீ கொடு, முதலில் நீ கொடு. நான் கத்தினேன். பீற்றரும் கத்தினார். கொம்பனித்தெரு மஷூர் மட்டும் சண்டைக்கு வராமல் தன் வானின் ரயரைக் காலால் தட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி பைறோஸாதான் அவர் வானில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். கேற் பாஸ் போனால் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

சாரங்கனிடம் போய்ப் புலம்பினேன். அவன் ஆச்சரியப்படவேயில்லை.

"எல்லாரும் விட்டுக்குடுத்தா எல்லாருக்கும் நல்லம். ஒருத்தர் மட்டும் விட்டுக்குடுத்தா அவர் முட்டாள். அதால ஒருத்தரும் அசைய மாட்டினம். இதுக்கெண்டே ஒரு கணக்குப் படிப்பு இருக்கு அக்கா. ஒரே ஒரு தரம் விளையாடுற விளையாட்டெண்டால் ஏமாத்திறவன்தான் வெல்லுவான். திரும்பத் திரும்ப அதே ஆக்களோட விளையாட வேணுமெண்டால் கதை மாறும். நாளைக்கு நான் உங்களிட்ட வரவேணும், நாளண்டைக்கு நீங்கள் என்னட்ட வரவேணும்."

திரும்பத் திரும்ப. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது மண்டைக்குள் ஓடியது. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது சட்டென்று பிடிபட்டது. எங்களிடம் அது ஏற்கெனவே இருந்தது!

வாசல் மரத்தின் நிழலில் மூன்று வான்தான் நிற்கலாம். மற்ற நான்கும் வெயிலில் வேக வேண்டும். அதற்காக அடிபட்டு, ஒரு தடவை பொலிஸ்வரை போன பிறகு, நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். மாதத்தின் முதல் திங்கள், பழைய மைலோத் தகர ரின்னுக்குள் ஏழு சீட்டு. யாருக்கு நிழல் விழுகிறதோ அவருக்கு அந்த மாதம் நிழல். ஆறு வருடமாக அந்த ரின்னை எதிர்த்து ஒருவரும் வாய் திறந்ததில்லை.

மறுநாள் அந்த ரின்னை எடுத்துக் கொண்டுபோய் வானின் முன்பக்கத்தில் படாரென்று வைத்தேன்.

"பாதை ஏழு. சீட்டு ஏழு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எடுப்பம். யாருக்கு எந்தப் பாதை விழுதோ அந்தக் கிழமை அவன் அதை ஓடணும். அடுத்த கிழமை வேறயாள். பிள்ளை ஒருத்தனுக்கும் சொந்தமில்லை, ஏழு பேருக்கும் சொந்தம். யார்ட பிள்ளையையும் யாரும் பிடிக்க ஏலாது, ஏனெண்டா அடுத்த கிழமை அது உன்ட கையில இருக்காது. கஷ்டமான பாதை எண்டு ஒண்டு இருந்தா, எல்லாரும் சேர்ந்து அதைத் திருத்துவம். நாளைக்கு அது யாருக்கு விழும் எண்டு தெரியாதே!"

 முதலில் மஷூர்தான் வாய் திறந்தார். "நிழல் சீட்டு மாதிரித்தானே? எனக்கி சரி." பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். பீற்றர் கடைசி. அவர் தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை, ரின்னைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். எனக்கு அது போதும்.

பெற்றோருக்கெல்லாம் சொல்லிச் சம்மதம் வாங்கினோம். திட்டத்தைப் படம் எடுத்து ஏழு பேருக்கும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை சீட்டு எடுத்தோம். கொச்சிக்கடைப் பாதை மஷூருக்கு விழுந்தது.

சோதனை வாரத்தின் திங்கட்கிழமை! அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆறு ஐம்பதுக்குப் பீற்றர் வந்தார். ஆறு ஐம்பத்தாறுக்கு ஒருவர், ஏழுக்கு இரண்டு பேர். நான் ஏழு மூன்று. மஷூர் ஏழு ஐந்து. கடைசி வான் ஏழு ஆறு. திரையில் பார்த்த அதே ஏழு ஆறு. பைறோஸாவும் நானும் வீதியென்றும் பாராமல் கட்டிப்பிடித்துக்கொண்டோம். தாரிகா இறங்கும்போது தூங்கி வழியவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை ஆறு ஐம்பத்து நாலுக்கு நான் ஆமர் வீதியில் வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"கொன்ஸ்ரன்ஸ் அக்கா!" மஷூர். பின்னால் ஹோர்ன் சத்தம். "கோயிலடியில மாட்டிக்கிட்டேன். முன்னுக்கும் ஏலா, பின்னுக்கும் ஏலா. சனம் நெறஞ்சி ஈக்கிது. பொலிஸ் ஐயா 'யன்ன பே', போக ஏலாதுன்னு கைய காட்டிட்டு நிக்கிறார்!"

 செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். கொழும்பில் எல்லா மதத்துச் சனமும் மெழுகுதிரியோடு அங்கே போகிற நாள்.

தாளில் எழுதிய அந்தக் கிழமை, செவ்வாய் பௌர்ணமி, போயா லீவு. பள்ளிக்கூடம் இல்லை. கொப்பியில் செவ்வாய்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. வெறுமையாகக் கொடுக்க மனம் வராமல், திங்களின் கணக்கையே பார்த்து எழுதிவிட்டேன். நானே! செவ்வாய் தவறாமல் பின்னேரம் அதே கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறவள். கோயிலுக்குப் போகிற கொன்ஸ்ரன்ஸும் வான் ஓட்டுகிற கொன்ஸ்ரன்ஸும் ஒரு நாளாவது ஒருவரோடொருவர் கதைத்திருந்தால் இது நடந்திருக்காது.

சாரங்கனுக்கு எடுத்தேன். அவன் லப்டொப்புக்கு முன்னால்தான் இருந்தான். ஏழு வான்களின் போனும் அவன் திரையில் புள்ளிகளாக ஓடிக்கொண்டிருந்தன. நான் கத்தி முடிப்பதற்குள் தட்டத் தொடங்கிவிட்டான்.

"அக்கா, அங்கயிருந்து ஸ்கூலுக்கு நடந்தா?"

"சின்னதுகளோட அரை மணித்தியாலம். லொறி ஓடுற ரோட்டு. ஏலாது."

"அப்ப ஒரு வழிதான் வருது. பிள்ளையள் கோயில் சனத்துக்குள்ளால ஜம்பட்டா வீதி மூலை வரைக்கும் நடந்து வரவேணும். ஆறு நிமிஷம். அங்க ஒரு வெறும் வான் நிக்கவேணும். இந்த நேரம் வெறும் வான் ஒண்டுதான் இருக்கு."

சொல்லாமலே தெரிந்தது. பீற்றர்.

பீற்றர் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நிழலில் வானை விட்டுவிட்டு நிற்கிறார். அவருடைய இரண்டாம் நாளும் தப்பிவிட்டது. அவர் போனால், மஷூரின் பன்னிரண்டு பிள்ளைகளும் அவர் வானிலிருந்து இறங்கும். ஒரு நிமிடம் பிந்தினாலும் காவலாளி எழுதப்போவது அவருடைய இலக்கத்தைத்தான், மஷூருடையதை இல்லை. போகாமல் விட்டால் மஷூருக்குப் பாஸ் இல்லை, கொச்சிக்கடைப் பிள்ளைகள் ஐந்து பேரும் பீற்றரிடமே திரும்பி வருவார்கள். அவர் ஒன்றுமே செய்யத் தேவையில்லை, சும்மா நின்றால் போதும்.

கம்பியூட்டர் பிழைத்துவிட்டது என்று சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நினைத்தேன்.

"பீற்றரண்ணே, பிழை என்னில. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை நான் பொய்யா நிரப்பினது. மஷூர் கோயிலடியில நிக்கிறார். பைறோஸா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜம்பட்டா வீதி மூலைக்கு நடக்கப்போறா. வெறும் வான் உங்களிட்ட மட்டும்தான் இருக்கு. பிந்தினா உங்கட பாஸ் போகும். தெரிஞ்சுதான் கேக்கிறன்."

மறுபக்கத்தில் சாவிக்கொத்துக் கிலுங்கியது.

"நான் கோயிலுக்குப் பக்கத்தில பிறந்தவன்," என்றார். "செவ்வாய்க்கிழமையில என்ட கை தானாப் பின் ஒழுங்கையால வெட்டிக்கொண்டு போகும். உன்ட பேப்பரில என்ட வரியை மட்டும்தான் பார்த்தன். மற்றதைப் பார்த்திருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன்." பிறகு கேட்டார்: "அடுத்த கிழமை அந்தச் சீட்டு எனக்கு விழுந்தா, நீ வருவியா?"

"வருவன்."

"மஷூர் வருவானா?"

"வருவார்."

தொடர்பு அறுந்தது. அவர் போனாரா, கோபத்தில் வெட்டினாரா என்று தெரியவில்லை. என் பன்னிரண்டு பிள்ளைகளோடு நான் ஏழு மூன்றுக்கு வாசலில் நின்றேன். நிழலில் பீற்றரின் வான் இல்லை.

அவர் போய்விட்டார்!  பைறோஸாவுக்கு எடுத்தேன். மணிச் சத்தமும் சனத்தின் இரைச்சலும். "கையக் கோத்துக்கிட்டு வாரோம் அக்கா. மெழுகுதிரி விக்கிற ஆக்களெல்லாம் வழி விடுறாங்க. பன்னெண்டு பேரும் ஈக்கிறாங்க, எண்ணிட்டேன்!"

ஏழு ஆறு. மற்ற வான்காரர் எல்லாரும் வந்து என்னோடு வாசலில் நின்றார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. ஏழு ஒன்பது. காவலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஏழு பதினொன்று. உப அதிபர் வெளியே வந்து நின்றார். ஏழு பன்னிரண்டு. நான் அந்தோனியாரிடம் கேட்கவே வெட்கப்பட்டேன், அவருடைய நாளையல்லவா மறந்தேன். இருந்தாலும் கேட்டேன்.

ஏழு பதின்மூன்றுக்கு மூலையில் வெள்ளை வான் திரும்பியது. வந்து நிற்குமுன் பைறோஸா கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் ஐந்து பேரும் ஓடினோம். ஒவ்வொரு பிள்ளையாகக் கையில் வாங்கிக் கேற்றுக்குள் விட்டோம். ஒன்பது, பத்து, பதினொன்று. கடைசிக் குழந்தை முதலாம் வகுப்பு, ஒரு சப்பாத்து கழன்றிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டே உள்ளே போய் விட்டேன்.

காவலாளி எழுதினார்: ஏழு பதினாலு.

நாங்கள் போட்ட சத்தம் கோயிலடியில் நின்ற மஷூருக்கே கேட்டிருக்கும். பீற்றர் இறங்கவேயில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனேன். அவர் தோளைத் தட்டினேன். 

அன்று மத்தியானமே சாரங்கன் உண்மையான செவ்வாயைக் கணக்கில் சேர்த்தான். பீற்றரின் பின் ஒழுங்கையையும் சேர்த்தான். இந்தத் தடவை ஏழு பேரும் ஏழு வரியையும் விரல் வைத்துப் பார்த்தோம். புதனும் வியாழனும் வெள்ளியும் ஏழு எட்டுக்குப் பிறகு ஒரு வானும் வரவில்லை. வெள்ளிக்கிழமை உப அதிபர் ஏழு பாஸ்களையும் என் கையில்தான் தந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடம் பேச்சு வாங்கிய மனுசி, அவர் சிரித்தார்.

மரத்தடியில் அடுத்த கிழமைக்குச் சீட்டு எடுத்தோம். நான் பிரித்தேன். கொச்சிக்கடைப் பாதை.

"அந்தோனியார் உன்னைச் சும்மா விடுவாரா?" என்று பீற்றர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த செவ்வாய் புதிய பாதையில் போனேன். கோயில் சனம் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒழுங்கை வெறுமையாக இருந்தது. ஏழு மணிக்கு ஜம்பட்டா வீதி மூலைக்கு வந்தேன். அங்கே பீற்றரின் வெள்ளை வான், தன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறுமையாக, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. நான் கூப்பிடவில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை.

ஜன்னலால் தலையை நீட்டினேன். "இங்க என்ன செய்றீங்கள்?"

"தேத்தண்ணி குடிக்க வந்தனான்," என்றார். கையில் கோப்பையும் இல்லை, பக்கத்தில் கடையும் திறந்திருக்கவில்லை. "போ, போ, பிந்தப்போற."

அவருக்குப் பின்னால் இன்னொரு வெறும் வான் வந்து நின்றது. மஷூர் கையை ஆட்டினார். நான் பிள்ளைகளோடு நேரே போனேன்.